டாக்டரம்மா கற்றுக்கொண்ட தமிழ் வாக்கியம்

ஷீலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது. இடது பக்கத்தை முடித்து ரிப்பன் கட்டிவிட்டு, வலது பக்கத்து முடியை மூன்று பிரியாகப் பிரித்துப் பிடித்தேன். அதோடு கை நின்றுவிட்டது. அடுத்து எந்தப் பிரியை எதன் மேல் போடுவது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆறு வயதுக் குழந்தை அசையாமல் உட்கார்ந்திருந்தது. கொல்லையில் முருங்கை இலைகள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, பாதிதான் ஆயிருக்கு" என்று அவள் சொன்னாள். கிணற்றுக்குள் இருப்பவளுக்கு மேலிருந்து யாரோ சொல்வது போல அந்தக் குரல் வந்து சேர்ந்தது.

என் நோயின் தொடக்கமாக எனக்கு நினைவிருப்பது இந்தக் காலை நேரம்தான். இதே நோய் கண்டவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். எனக்கு நடந்தது எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை.

அறுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். என் கணவர் தேவசகாயம் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வெளியூர்க் கடிதங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் எழுதுவது அவர்தான். நான் பதினொன்றாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். ஆங்கிலம் வாசிப்பேன். நிதானமாகப் பேசினால் பாதிக்கு மேல் புரியும். வாயைத் திறந்து பேச மட்டும் வராது.

ஆகஸ்டிலிருந்து மழைக்காலம் வரை நான் தண்ணீருக்கு அடியில் வாழ்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்தது. எதுவும் கிட்டே வரவில்லை. எலெக்ட்ரிக் ட்ரெயினின் சத்தம் வேறு ஏதோ ஊரிலிருந்து வந்தது. அரிசி களையும்போது தண்ணீர் வெள்ளையாகி, தெளிந்து, மறுபடி வெள்ளையாவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சுவரில் விழும் வெயில் ஜன்னலிலிருந்து அலமாரிக்கு நகர்ந்து முடித்தால் ஒரு பகல் போனது என்று அர்த்தம். நாளை என்ற ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

சாக வேண்டும் என்ற நினைப்பு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அழுகையோடு வரவில்லை. மத்தியான மயக்கம் போல வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதை அமைதி என்று நினைத்தேன். நோய் போட்ட வேடம் அது என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

எங்கள் குடும்ப டாக்டர் ரத்தச் சோகை இல்லை, காசநோய் இல்லை என்று பார்த்துவிட்டு, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். தாம்பரத்தைத் தாண்டி வேப்பமரங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய மனநல ஆஸ்பத்திரிக்கு அந்தக் கடிதத்தோடு போனோம். ஷீலாவைப் படப்பையிலிருந்த என் நாத்தனார் அழைத்துப்போயிருந்தாள்.

அங்கிருந்த டாக்டரம்மா வடக்கிலிருந்து வந்தவர். வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. குட்டையாக வெட்டிய நரை முடி, புடவைக்குக் கீழே ஷூ. "வாங்க", "உட்காருங்க", "போதும்" என்ற மூன்றும்தான் அவருக்குத் தெரிந்த தமிழ். அங்கிருந்த ஒரே நர்ஸ் வெளியில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் நல்ல ஆங்கிலம் பேசியதும் டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவரையே இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்.

எனக்கு வந்திருப்பது டிப்ரஷன் (மனச்சோர்வு நோய், வெறும் துக்கம் இல்லை, தூக்கம், பசி, யோசனை எல்லாவற்றையும் மந்தமாக்கிவிடுவது) என்றார். பல கேள்விகள் கேட்டார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஒன்று கேட்டார். இறப்பதைப் பற்றி நினைக்கிறாளா, தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறதா என்று கேளுங்கள் என்றார். மெதுவாகப் பேசியதால் எனக்கு முழுதும் புரிந்தது.

என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி தூக்கம் வருதான்னு கேக்குறாங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்த்திருந்தது.

"வரல" என்றேன்.

அவர் டாக்டரம்மாவிடம் திரும்பி, "நோ, டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார் என்று பின்னால் தெரிந்தது. 'எஸ்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே படுக்கை கொடுத்திருப்பாராம்.

இரண்டாம் முறையும் அதே கேள்வி வந்தது. என் கணவர் என்னிடம் கேட்டது, "சாப்பாடு பிடிக்குதா?" நான் சொன்னது, "இல்ல." டாக்டரம்மாவுக்குப் போனது, "நோ."

அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு 'எஸ்' என்ற சொல் தெரியும். எதிரில் இருந்தவரை நேராகப் பார்த்துத் தலையசைத்திருக்கலாம். செய்யவில்லை. இவரால் அந்தப் பதிலைத் தாங்க முடியாது, அதனால்தான் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இவருக்காகச் சும்மா இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று முதல் சாகும் நினைப்பு இன்னும் தனியானது, அதனால் இன்னும் பெரியதும் ஆனது.

நவம்பர் முடியும்போது ஏரி நிரம்பியிருந்தது. ஒரு மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தேன். நடந்தது நினைவில்லை, போய்ச் சேர்ந்தது நினைவிருக்கிறது. மேகம் தண்ணீரில் இறங்கியிருந்தது. வானம் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெகு நேரம் நின்றிருக்க வேண்டும்.

"எம்மா! எந்த வூடு நீ?"

கீழே ஒரு பெண் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவள் பெயர் கன்னியம்மா என்பது பிறகு தெரிந்தது. எருமையை இழுத்துக்கொண்டு கரைமேல் ஏறி வந்தாள்.

"அப்போலேர்ந்து பாத்துகினு கீறேன். இன்னா, சாவலாம்னு வந்தியா?"

அவ்வளவு எளிதாக அவள் கேட்டுவிட்டாள். என் வாயிலிருந்து பதிலும் அவ்வளவு எளிதாக வந்துவிட்டது.

"ஆமா."

அவள் அலறவில்லை, திட்டவில்லை, என் கையைப் பிடிக்கவுமில்லை. "எத்தினி நாளா இப்டி கீது?" என்றாள்.

"மழைக்கு முன்னாடியிலேர்ந்து."

"வூட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கல."

"நல்லா கீது போ. கேட்டாத்தான் சொல்லுவியா?" என்றவள், எருமையின் கயிற்றை என் கையில் திணித்தாள். "புடி. எனக்குக் கை வலிக்குது. உன் வூட்டு வரைக்கும் இட்னு வா."

ஈரக் கயிறு கையில் கனத்தது. எருமை தன் இஷ்டத்துக்கு நடந்தது, நான் அதோடு நடந்தேன். எங்கள் கேட்டில் அதைக் கட்டிப்போட்டுவிட்டு, என் கணவர் வரும்வரை கன்னியம்மா முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறு மணி ட்ரெயினில் இறங்கி வந்தவர் கேட்டில் எருமையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"சார், உன் சம்சாரம் சாவணும்னு ஏரிக்கு வந்துட்ச்சி. நான்தான் இட்டாந்தேன். நாளைக்கே டாக்டராண்ட கூட்டிகினு போ" என்றாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு முறையும் கேள்வியை மாற்றியதைச் சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் என்று மட்டும் கேட்டார். தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம், எழுதி வைத்தால் போலீஸ் வரும் என்று பயந்தேன், ஆபீசுக்குத் தெரியும், சபைக்குத் தெரியும் என்றார். அதெல்லாவற்றையும்விட, நான் கேட்டால் அவளுக்கு இல்லாத நினைப்பை நானே கொடுத்தது போல ஆகிவிடுமோ என்று பயந்தேன் என்றார்.

டாக்டரம்மா சொன்ன பதிலை அவர் என்னிடமும் சொன்னார். "கேக்கறதால யாருக்கும் புதுசா அந்த நினைப்பு வராதாம், குளோரி. தப்பு தன் மேலயும் இருக்குங்கறாங்க. புருஷனை விட்டு இந்தக் கேள்வியக் கேக்க வச்சிருக்கக் கூடாதாம்."

பிறகு டாக்டரம்மா ஒரு சிறிய நோட்டை எடுத்து, அந்தக் கேள்வியைத் தமிழில் எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்றார்.

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தற்கொலை எண்ணம் உண்டா?" என்றார்.

வீட்டில் நீங்கள் இப்படித்தான் பேசுவீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றார் இவர். வீட்டில் பேசுகிற தமிழைக் கொடுங்கள் என்றார் அவர்.

இவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சாகணும்னு தோணுதா?"

டாக்டரம்மா தன் மொழி எழுத்தில் அதை எழுதிக்கொண்டு படித்தார். "சாக்கனும்னு தோனுத்தா?"

"சாகணும்னு" என்று இவர் திருத்தினார். அவர் மறுபடி தப்பாகச் சொன்னார். இவர் மறுபடி, "சாகணும்னு தோணுதா?" என்றார். மூன்றாம் முறை சொல்லும்போது மேஜையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

டாக்டரம்மா நோட்டை மூடிவிட்டு, என் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, மனப்பாடமாகக் கேட்டார். "சாக்கனும்னு தோணுதா?" ஏதோ சாக்கு மூட்டையைப் பற்றி விசாரிப்பது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. சிரித்து முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது.

"தோணுது" என்றேன்.

டாக்டரம்மா இவரைப் பார்த்தார். "எஸ்" என்றார் இவர்.

அன்றைக்கே படுக்கை கொடுத்தார்கள். பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே வேம்பு. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஈ.சி.டி. (ஊசி போட்டுத் தூங்கவைத்து, தலையில் சில விநாடி மின்சாரம் செலுத்தும் சிகிச்சை, 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள்) நடுநடுவே இடைவெளி விட்டு ஆறு முறை கொடுத்தார்கள். வலி தெரியவில்லை. எழுந்தபின் உலகம் புதிதாகக் கழுவி, இன்னும் காயாமல் இருக்கும்.

ஒரு முறை கண் விழித்தபோது பக்கத்து ஸ்டூலில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நல்லவர் போலத் தெரிந்தது.

"நீங்க யாருங்க?" என்றேன்.

"தேவசகாயம். உன் வீட்டுக்காரர்."

"அப்படியா" என்றேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பயப்படாதீர்கள், அப்படி மறந்தது பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது.

டாக்டரம்மா தினமும் காலையில் அந்த வாக்கியத்தோடு வருவார். நாளாக நாளாக உச்சரிப்பு சரியாயிற்று. என் பதில்தான் ஒரே மாதிரி இல்லை. காலையில் தோணும், சாயங்காலம் தோணாது. மூன்று நாள் இல்லாமல் இருந்து, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது சட்டென்று வரும். நேற்று நான் சொன்ன 'இல்லை' உண்மை, இன்று சொல்கிற 'ஆமா'வும் உண்மை. இதை வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் எப்படி முடிவெடுப்பார் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது.

ஐந்தாவது கரண்ட் முடிந்த வாரம் நான் பொய் சொன்னேன். ஷீலாவைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும். டாக்டரம்மா கேட்டபோது நேராகப் பார்த்து, "இல்ல" என்றேன். உள்ளே இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதுவும் எழுதாமல் போனார். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு அடிபட்டது.

எனக்கு எதிர்க் கட்டிலில் சரோஜா அக்கா இருந்தார். ஹைஸ்கூல் டீச்சர். எங்கள் எல்லோரையும் சிரிக்கவைத்தவர் அவர்தான். வார்டன் நடப்பதைப் போல நடந்து காட்டுவார். எனக்குத் தலை வாரிவிடுவார். டாக்டரம்மாவோடு ஆங்கிலத்திலேயே பேசுவார். நடுவில் யாரும் தேவையில்லை. கேள்விக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்வார். நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது தன் சீப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யோசிக்கவில்லை. சீப்புதானே.

பத்து நாளில் செய்தி வந்தது. சரோஜா அக்கா இறந்துவிட்டார்.

நர்ஸ் அதைச் சொன்னபோது வார்டில் யாரும் அழவில்லை. வேப்பம்பூ உதிரும் காலம். ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவருடைய காலிக் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கொடுத்ததையும் நான் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டுமோ என்ற எண்ணம் இன்று வரை போகவில்லை.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் டாக்டரம்மா வந்தார். எதுவும் கேட்கவில்லை. என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். என் கணவரும் இருந்தார். டாக்டரம்மா ஆங்கிலத்தில் பேசினார். இவர் ஒரு சொல்லும் விடாமல் எனக்குச் சொன்னார்.

"கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாங்களாம். சரோஜா எல்லாத்துக்கும் பதில் சொன்னாங்களாம். இவங்க நம்பினாங்களாம். நெஞ்சுல சளி இருந்தா எக்ஸ்ரேல தெரியும், இதுக்கு அப்படி ஒண்ணு இல்லைங்கறாங்க. சில பேரைத் தேவையில்லாம இங்க வச்சிருந்திருக்கேன், சில பேரை அனுப்பியிருக்கக் கூடாது, எது எதுன்னு முன்கூட்டியே எனக்குத் தெரியாதுங்கறாங்க."

டாக்டரம்மாவின் ஷூவில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. சாவு வீட்டுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்திருக்கிறார் என்று புரிந்தது.

"போன வாரம் நான் சொன்ன 'இல்ல' பொய்னு சொல்லுங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். முன்பு போல முகம் வியர்த்தது. ஆனால் உடனே திரும்பி, அப்படியே சொன்னார். டாக்டரம்மா என் பாதத்தின் மேல் கையை வைத்து, "போதும்" என்றார். 'தேங்க்ஸ்' என்பதற்கு அவருக்குத் தமிழ் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்புவது தள்ளிப்போயிற்று. ஆறாவது கரண்ட் முடிந்து, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, ஈஸ்டருக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். ஷீலா வாசலில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கிட்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவர் என்னைக் கண்ணை விட்டு அகற்றவில்லை. கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே வந்து துளசிச் செடியைப் பார்ப்பது போல நிற்பார். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் என்னால் முடியவில்லை.

"பின்னாடியே வராதீங்க. பயமா இருந்தா கேளுங்க. நான் உள்ளதைச் சொல்றேன்" என்றேன்.

"நீ சொல்றது நெஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எனக்கே சில நேரம் தெரியாது. இருந்தாலும் கேளுங்க."

அப்படித்தான் செய்தோம். பயம் வரும்போது கேட்பார், ஷேவ் செய்துகொண்டே, பேப்பரை மடித்துக்கொண்டே. சில நாள் "இல்ல" என்பேன். சில நாள் "கொஞ்சம்" என்பேன். 'கொஞ்சம்' என்றால் அன்றைக்கு ஆபீஸ் கிடையாது, அடுத்த ரிக்‌ஷாவில் டாக்டரம்மாவிடம் போவோம். முதல் வருடம் அப்படி நாலு முறை போனோம். இரண்டாம் வருடம் ஒரு முறை. கன்னியம்மாவும் அவ்வப்போது பால் ஊற்ற வரும்போது, "இன்னாம்மா, தேவலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வீட்டில் பேசுகிற தமிழில் கேளுங்கள். ஒரு முறை கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். கேட்ட பிறகும் தப்பாகப் போகலாம். சரோஜா அக்கா வீட்டிலும் யாரோ கேட்டிருப்பார்கள். அவர்களை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம்.

டாக்டரம்மா எழுபதுகளின் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். நாங்களும் ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிமாறினோம். ஆஸ்பத்திரியில் இருந்த வருடத்தில் இரண்டு மாதங்கள் எனக்கு நினைவில் இல்லை. வார்டில் கொண்டாடிய கிறிஸ்துமஸைப் பற்றி இவர் சொல்லித்தான் கேட்டுக்கொள்கிறேன், யாருக்கோ நடந்தது போல. மாத்திரையால் உடம்பு ஊதிவிட்டது. வெகு நாள் வரை அதை என் உடம்பாக நினைக்கவில்லை. யாரோ விட்டுவிட்டுப் போனதைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருந்தது.

சில வருடம் கழித்து, ஓர் ஏப்ரல் மாதம், தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு தையல் கடைக்குப் போனேன். படப்பை நாத்தனாரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. துணியோடு, என் பழைய அளவு ஜாக்கெட்டையும் கொடுத்தேன். தையல்காரரின் மனைவி அதை என் முதுகில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது யாருதுக்கா?"

"என்னுதுதான்."

"இது பத்தாதுக்கா. புதுசா அளவு எடுத்துடலாம், கையத் தூக்குங்க."

அளவு நாடா சில்லென்று மார்பைச் சுற்றி வந்தது. தோள், கை, முதுகு என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் கணவர் சீட்டில் குறித்துக்கொண்டார். நான் கையைத் தூக்கியபடி, ஆமாம், இவ்வளவு இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

"எப்ப வேணும்?" என்றார் அவர்.

"ஆகஸ்ட்லதான் கல்யாணம். ஜூலை கடைசியில குடுத்தா போதும்."

பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. மே, ஜூன், ஜூலை. யாருடைய உதவியும் இல்லாமல் வரப்போகும் அந்த மாதங்கள் என் வாயிலிருந்து வந்திருந்தன. ஒரு முறை விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது இடுப்பில் புடவை இறுக்கியது. வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் தளர்த்திக் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.